‘ஆமாம்’ இல்லாத படிவம்

அபாயச் சரக்கு ஏற்றிய வண்டியை ஓட்டுகிறவனுக்கு லைசென்ஸில் கூடுதலாக ஒரு வரி வேண்டும். அந்த வரி இல்லாதவன் பால் ஏற்றலாம், பஞ்சு ஏற்றலாம், பக்ரீத்துக்கு ஆடு ஏற்றலாம். ஆசிட் டேங்கரின் கதவை மட்டும் தொடக் கூடாது. ஒரு வரி எழுத ஒரு பேனாவும் ஒரு முத்திரையும் போதும் என்று படிக்காதவன் நினைப்பான். படித்தவர்கள் அதற்காகச் செம்பூரில் மூன்று மாடி கட்டி, மாடிக்கு ஒன்பது கவுன்டர் வைத்து, கவுன்டருக்கு ஒரு மின்விசிறி மாட்டியிருந்தார்கள். விதியை மட்டும் எங்கேயும் மாட்டவில்லை. மாட்டினால் கழற்றி மாட்டுவது சிரமம் என்று கையிலேயே வைத்திருந்தார்கள்.

தாராவி இனாயத்துல்லா இருபத்திரண்டு வருடமாக ஆசிட் டேங்கர் ஓட்டுகிறவன். அவன் பார்க்கவே விதி ஏழு முறை மாறியிருந்தது. மூன்று நாள் பயிற்சி, ஒரு வருடம் செல்லும் என்றார்கள். பிறகு ஒரு நாள் பயிற்சி, மூன்று வருடம் செல்லும் என்றார்கள். பிறகு, மூன்று வருடம் என்று எழுதிக் கொடுத்ததையெல்லாம் ஒரு வருடம் என்று படித்துக்கொள்ளவும் என்று சுவரில் காகிதம் ஒட்டினார்கள். ஒரு வருடம் போட்டோவில் இரண்டு காதும் தெரிய வேண்டும். அடுத்த வருடம் இடது காது போதும். இனாயத்துல்லா எல்லாவற்றுக்கும் தலையைக் கொடுத்தான். காதைக் கொடு என்றபோது காதைக் கொடுத்தான். அவன் வருத்தப்பட்டதில்லை.

எட்டாவது முறை மாற்றியபோதுதான் அவனுக்கு வேர்த்தது. புதுப் படிவத்தில் புதிதாக ஒரு கேள்வி வந்திருந்தது: உங்கள் தவறால் விபத்து நேர்ந்ததுண்டா?

உண்டு.

எட்டு மாதத்துக்கு முந்தைய கதை. டேங்கருக்கு இரண்டு டிரைவர். இனாயத்துல்லா ஒருவன், அவன் மனைவி ஆபிதாவின் அண்ணன் கரீம் பாட்சா இன்னொருவன். ஆசிட்டை இறக்கி முடித்ததும் பின்பக்கத்து வால்வை மூடுகிறவன் அதன் கைப்பிடியில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிட வேண்டும். எந்தச் சட்டத்திலும் இல்லாத சட்டம் அது; டிரைவர்களே வைத்துக்கொண்டது. துணி தெரிந்தால் மூடியாயிற்று என்று பொருள். அடுத்து ஓட்டுகிறவன் பக்கக் கண்ணாடியில் துணியைப் பார்த்துவிட்டு வண்டியை எடுப்பான். அன்றைக்கு அரைவாசிச் சரக்கை இறக்கிய இனாயத்துல்லா, வரும்போது மல்லித்தழை வாங்கி வரச் சொன்ன ஆபிதாவிடம் தோளில் போனை இடுக்கிக்கொண்டு பேசியபடியே துணியைக் கட்டினான். துணியை நன்றாகத்தான் கட்டினான். வால்வில் அரைச் சுற்று பாக்கி இருந்தது. பிறகு முன்னால் ஏறிப் படுத்துவிட்டான்.

கரீம் பாட்சா கண்ணாடியில் துணியைப் பார்த்தான், வண்டியை எடுத்தான். கால் மைல் தூரம் ஆசிட் சொட்டிக்கொண்டே வந்தது. ரோட்டில் போனவர்கள் கத்தினார்கள். கரீம் பாட்சா செருப்போடு குதித்து ஓடி, கசிந்து கிடந்ததிலேயே நின்று வால்வை இறுக்கினான். இரண்டு பாதமும் வெந்துபோயின. அவனை நாலு பேர் தூக்கி ஓரத்தில் உட்காரவைத்துத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது, இனாயத்துல்லா இடது பக்கமாக இறங்கி வண்டிக்குப் பின்னால் போனான். போனவனுடைய கை முதலில் செய்த காரியம் சிவப்புத் துணியை அவிழ்த்துப் பைக்குள் போட்டது. கைதான் செய்தது. புத்தி பின்னால் வந்து சேர்ந்து, செய்தது சரிதான் என்றது.

விசாரணைக்கு வந்தவர்களுக்கும் அந்த வழக்கம் தெரியும்; துணியைக் கேட்டார்கள். துணி இல்லை. துணி இல்லாத வண்டியை எடுத்தது ஓட்டினவன் தப்பு என்று எழுதினார்கள். கரீம் பாட்சாவின் லைசென்ஸில் அந்த வரியை அடித்தார்கள். அவன் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. தனக்குத் துணி தெரிந்த மாதிரி இருந்தது, கண்தான் கோளாறு என்று சொல்லி, சயான் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கண்ணைச் சோதித்துக் கண்ணாடிகூட வாங்கிப் போட்டுக்கொண்டான். கண்ணில் ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னதை அவன் நம்பவில்லை. இப்போது முலுண்டில் பதினெட்டு மாடிக் கட்டடம் ஒன்றில் வாட்ச்மேன். வெந்த கால்களோடு பன்னிரண்டு மணி நேரம் நிற்க வேண்டும். குடியிருக்கிறவர்கள் கண்ணில் படாத நேரத்தில் நாற்காலி உண்டு.

தப்பு யாருடையது என்பது மாறினால்தான் கரீம் பாட்சாவுக்கு அந்த வரி திரும்பும். மாறுவது ஒருவன் வாயில் இருந்தது. அவன்தான் புதுப் படிவத்தை வைத்துக்கொண்டு வேர்த்துப் போய் நின்றான்.

ஆமாம் என்று எழுதிவிடுவது என்று முடிவு செய்து முதல் மாடி நாலாம் கவுன்டருக்குப் போனான். படிவத்தை இப்போது கையால் நிரப்பக் கூடாது, கம்ப்யூட்டர்தான் நிரப்பும் என்றார் அங்கிருந்த குமாஸ்தா. கேள்வி வந்ததும் இனாயத்துல்லா தொண்டையைச் செருமிக்கொண்டு, ஆமாம் என்று போடுங்கள் என்றான். குமாஸ்தா திரையை அவன் பக்கம் திருப்பிக் காட்டினார். விடை எழுதும் இடத்தில் ‘இல்லை’ என்ற ஒரே ஒரு சொல் இருந்தது. ‘ஆமாம்’ அடுத்த கட்டத்தில் வரும், டெண்டர் விட்டிருக்கிறார்கள் என்று விளக்கினார். இதுவரை யாரும் அதைக் கேட்டதில்லையாம். ‘இல்லை’யை அழுத்திப் படிவத்தை முடித்தார்.

இனாயத்துல்லா எட்டு மாதத்தில் முதல்முறையாக மூச்சை முழுதாக விட்டான். வெளியே வந்து இரண்டு வடாபாவ் தின்றான்.

அடுத்தது பயிற்சி. மாட்டுங்காவில் பட்டுப்புடவைக் கடைக்கு மேலே அதற்கென்று ஒரு நிலையம். லாரி நிறுத்த இடமில்லாததால் பிளாஸ்டிக்கில் ஒரு பொம்மை டேங்கர் வைத்திருந்தார்கள். நாற்பது டிரைவர்கள் வரிசையாகப் போய் அதைத் தொட்டுவிட்டு வந்தால் செய்முறை முடிந்தது. புது விதிப்படி மன அமைதி முக்கியம் என்பதால் முதல் இரண்டு மணி நேரம் கண்ணை மூடி உட்கார வைத்தார்கள். மூன்று பேர் குறட்டை விட்டார்கள். அவர்களுக்கு மன அமைதியில் முழு மதிப்பெண்.

நிலையத்தின் தலைவர் வைத்தீஸ்வரன். பாலக்காட்டுக் குடும்பம், மாட்டுங்காவில் மூன்றாவது தலைமுறை. ரிட்டயரான பிறகும் டை கட்டுகிறவர்.

“நான் முப்பத்தாறு வருஷம் சர்வீஸ் போட்டவனாக்கும்,” என்று ஆரம்பித்தார். “இந்தத் துறையோட மேனுவலே நான் எழுதினது. ஒரு தடவைகூட லாரியில ஏறினதில்லை. ஏறினா டிரைவர் பக்கம் மனசு சாஞ்சுடும். அது நியாயமில்லை, கேட்டேளா?”

டிரைவர்கள் கேட்டார்கள்.

பிறகு சுவரில் படம் காட்டினார். கவனக்குறைவான ஓட்டுநர் என்று தலைப்பு. படத்தில் கரீம் பாட்சா ரோட்டோரத்தில் உட்கார்ந்திருந்தான். யாரோ அவன் காலில் பக்கெட்டால் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். முகத்தை மறைக்கச் சட்டம் இருப்பதால் கண்ணுக்குக் குறுக்கே ஒரு கறுப்புப் பட்டை போட்டிருந்தார்கள். பாதங்களுக்குப் பட்டை இல்லை.

இனாயத்துல்லாவுக்கு உட்கார முடியவில்லை. எழுந்தான். அந்த வால்வைச் சரியாக மூடாதது நான்தான் என்றான். துணியைக் கட்டியதும் நான், அவிழ்த்ததும் நான் என்றான். நாற்பது பேரும் திரும்பிப் பார்த்தார்கள். குறட்டை நின்றது.

வைத்தீஸ்வரன் கோபப்படவில்லை. மேனுவலைப் புரட்டினார்.

“ஓய், நீர் சொல்றது மூணாம் நாள் பாடம். ‘ஓட்டுநரின் பொறுப்புணர்ச்சி’, மத்தியானம் ரெண்டரைக்கு. புது ரூல்ல பயிற்சியை ஒண்ணரை நாளாக் குறைச்சுட்டா. அதனால பொறுப்புணர்ச்சி இப்போ கிடையாது. உட்காரும்.”

உட்கார்ந்தான். ‘வகுப்பில் ஈடுபாடு’ என்ற இடத்தில் அவனுக்குப் பத்துக்குப் பத்து போட்டார்கள். சாயங்காலம் பசி எடுத்தது.

அதற்குப் பிறகு அவன் செம்பூர் ஆபீசில் ஏறாத படியில்லை. ஒரு கவுன்டரில் விசாரணைக் கோப்பை மூடியாயிற்று என்றார்கள். மூடியதைத் திறக்க வேண்டுமானால் அது முன்பு திறந்திருந்தது என்பதற்குச் சான்று வேண்டுமாம். இன்னொரு கவுன்டரில், ஒரு வண்டிக்கு ஒரு குற்றவாளிதான் ஒதுக்கீடு. உங்கள் வண்டிக்குக் கொடுத்தாயிற்று, ஆண்டுக் கணக்கும் முடிந்துவிட்டது என்றார்கள். மூன்றாம் மாடியில் ஒருவர், நீங்கள் குற்றவாளி என்றால் உங்கள் வரி செல்லாது, வரி செல்லாதவர் இந்த மாடிக்கு வரவே கூடாது, ஆகவே நீங்கள் வந்து சொன்னதை நான் கேட்டிருக்க முடியாது என்று அன்பாகச் சொல்லி டீ வாங்கிக் கொடுத்தார்.

எல்லா இடத்திலும் இனாயத்துல்லா ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னான். சொல்லிச் சொல்லி அது நாக்கில் நன்றாகப் பழகிவிட்டது. முதல் முறை முன்னால் இருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சொன்னான். ஆறாவது முறை மூக்கைச் சொறிந்துகொண்டே சொன்னான். எந்தக் கவுன்டரில் முடியாது என்று சீக்கிரம் சொல்வார்கள் என்பதுகூட அவனுக்கு அத்துப்படியாகி, கால் தானாக அந்தப் பக்கம் போனது. விரட்டிவிட்ட நாளெல்லாம் நன்றாகச் சாப்பிட்டான், நன்றாகத் தூங்கினான். நாலைந்து நாள் போனதும் நெஞ்சு மறுபடி கனக்கும். மறுபடி செம்பூருக்குப் போவான்.

வீட்டில் ஆபிதாவுக்கு ஒன்றும் தெரியாது. அண்ணனுக்காகத்தான் புருஷன் இப்படி அலைகிறான் என்று நினைத்தாள். அண்டை வீட்டு ஜுவைரியாவிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள். தாராவியில் அந்தச் சந்து முழுக்க இனாயத்துல்லாவின் நல்ல மனசைப் பற்றிப் பேச்சு.

“எல்லா ஆபீசுக்கும் போறிய,” என்று ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள். “எங்க அண்ணன் வீட்டுக்கு ஒருக்கா போய் வந்தா என்ன? அடிபட்டதுலேருந்து அது உங்களைத்தான் கேக்குது.”

இனாயத்துல்லா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். வேலை இருக்கிறது என்றான்.

சாலைப் பாதுகாப்பு வாரம் வந்தது. எட்டாம் முறை மாற்றிய விதியில், விபத்துக் கேள்விக்கு ‘இல்லை’ என்று பதிலளித்தவர்களில் வகுப்பில் ஈடுபாட்டுக்கு முழு மதிப்பெண் எடுத்தவருக்குப் பரிசு என்று இருந்ததாம். அப்படி மாவட்டத்திலேயே ஒரே ஆள்தான் தேறினான். ‘பிழையற்ற ஓட்டுநர்’ விருது இனாயத்துல்லாவுக்கு.

பந்தல் போட்டு, நாற்காலி போட்டு, துணை ஆணையர் வந்தார். இந்தியில் பேசினார். சென்ற ஆண்டு நமது வட்டத்தில் நூற்றுப் பதினான்கு கசிவுகள் நடந்தன, இந்த ஆண்டு ஒன்றுகூட நடக்கவில்லை என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். இது சும்மா வந்த வெற்றியில்லை என்று கையமர்த்தினார். இரவு பகலாக உழைத்துக் கசிவு என்ற சொல்லின் விளக்கத்தையே மாற்றியிருக்கிறோம். இனிமேல் தரையைத் தொட்டால்தான் கசிவு. தரை என்பது என்ன என்று ஆராயக் குழு அமைத்திருக்கிறோம். குழு அறிக்கை தரும் வரையில் இந்த வட்டத்தில் எதுவும் கசிய முடியாது என்றார். இன்னும் பலமாகக் கைதட்டினார்கள்.

சால்வை போர்த்தி மைக்கைக் கையில் கொடுத்தார்கள். இதுதான் நேரம் என்று நினைத்தான் இனாயத்துல்லா. துணை ஆணையர் பக்கத்தில் நிற்கிறார், பேப்பர்காரர்கள் நிற்கிறார்கள், இங்கே சொல்லிவிட்டால் எவனும் மறைக்க முடியாது. பழகிய வாக்கியம் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அப்போதுதான் இரண்டாம் வரிசையைப் பார்த்தான்.

கரீம் பாட்சா உட்கார்ந்திருந்தான். வாட்ச்மேன் வேலைக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு, தோல் செருப்பு போட முடியாத காலுக்குக் கான்வாஸ் ஷூ மாட்டிக்கொண்டு வந்திருந்தான். பக்கத்து நாற்காலிக்காரரிடம் மேடையைக் காட்டி, என் தங்கச்சி மாப்பிள்ளை என்று சொல்லிக்கொண்டிருந்தான். எல்லோரும் நிறுத்திய பிறகும் அவன் கை தட்டிக்கொண்டிருந்தது.

எட்டு கவுன்டரிலும் ஒரு வகுப்பிலும் தண்ணீர் மாதிரி வந்த வாக்கியம், அந்த ஒருவன் காதுக்கு எட்டும் தூரத்தில் வரவில்லை. இனாயத்துல்லா நன்றி என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினான். பிழையற்ற ஓட்டுநர் அடக்கமானவரும்கூட என்றார் துணை ஆணையர்.

மழைக்காலம் முடிவதற்குள் விதி ஒன்பதாம் முறை மாறியது. ‘தாமாக முன்வந்து உண்மை கூறும் திட்டம்’ என்று பெயர். அறிவிப்பை முதலில் பார்த்தவன் கரீம் பாட்சாதான். கட்டடத்து செக்ரட்டரி படித்துவிட்டுப் போட்ட பேப்பரில் இருந்ததாம். இதில் என் விஷயத்துக்கு ஏதாவது வழி இருக்குமா என்று போனில் கேட்டான். இருக்காது என்றான் இனாயத்துல்லா. ஒரு தடவை கேட்டுப் பார்ப்போமே, செவ்வாய்க்கிழமை எனக்கு வாராந்தர லீவு, நானும் வருகிறேன் என்றான் கரீம் பாட்சா.

செம்பூர் ஆபீசில் லிஃப்ட் அதிகாரிகளுக்கு மட்டும். மூன்று மாடி ஏறி வந்து கரீம் பாட்சா கண்ணாடித் தடுப்புக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான். இனாயத்துல்லா நாற்பத்தேழாம் நம்பர் டோக்கனை வாங்கிக்கொண்டு உள்ளே போனான். இருபத்தேழாம் கவுன்டரில் வந்தனா என்று பெயர்ப்பலகை வைத்துக்கொண்டு ஒரு பெண் இருந்தாள். வேலைக்குச் சேர்ந்து பத்து நாள்தான் ஆகியிருக்கும். மேசையில் ஒரு தூசி இல்லை.

இனாயத்துல்லா வாக்கியத்தைச் சொன்னான். அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். குறுக்கே பேசவில்லை. பிறகு இழுப்பறையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தாள். இது செய்யலாம் என்றாள்.

இனாயத்துல்லாவுக்குக் காதில் சரியாக விழவில்லை. மறுபடி கேட்டான். செய்யலாம், இன்றைக்கே செய்யலாம், உங்கள் வரி ரத்தாகும், அவர் வரி திரும்பும் என்றாள்.

அதற்குச் சுற்றறிக்கை வேண்டுமே என்றான். எடுத்துக் காட்டினாள். பெரிய அதிகாரி கையெழுத்து வேண்டுமே என்றான். புது விதியில் அவளே போடலாமாம். கோப்பு மூடியிருக்கிறதே என்றான். திறந்துவிட்டேன் என்று திரையைக் காட்டினாள். இனாயத்துல்லா கடிகாரத்தைப் பார்த்தான். ஒன்றரை. உங்களுக்குச் சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டது, நான் இன்னொரு நாள் வருகிறேன் என்றான். இன்று செவ்வாய், கணபதிக்கு விரதம், நான் சாப்பிடப் போவதில்லை என்றாள்.

ஒரே ஒரு விஷயம்தான் பாக்கி என்றாள். பாதிக்கப்பட்டவரிடம் நீங்கள் உங்கள் வாயால் சொல்ல வேண்டும். கேட்டேன் என்று அவர் கையெழுத்துப் போட வேண்டும். இந்த இடத்தில்தான் எல்லோருக்கும் நின்றுபோகிறது, ஒருவருக்குப் பாதிக்கப்பட்டவர் செத்துப் போயிருக்கிறார், ஒருவருக்குத் துபாயில் இருக்கிறார், உங்களுடையவர் எங்கே இருக்கிறார் என்று கேட்டாள்.

கண்ணாடிக்கு அப்பால் கரீம் பாட்சா ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு, ஒரு காலைத் தூக்கி மடியில் போட்டு உள்ளங்காலை அமுக்கிக்கொண்டிருந்தான்.

வெளியில்தான் இருக்கிறார் என்றான் இனாயத்துல்லா.

வந்தனா சிரித்தாள். இந்தத் திட்டத்தில் முதல் ஆள் நீங்கள்தான், கூட்டி வாருங்கள், இன்னும் இரண்டு பேரைப் பார்த்துவிட்டு உங்கள் நம்பரைக் கூப்பிடுகிறேன் என்றாள்.

இனாயத்துல்லா வெளியே வந்தான். கதவிலிருந்து பெஞ்சு ஆறடி தூரம். அந்த ஆறடியில் வாக்கியத்தை ஒரு தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்தான். சரியாகத்தான் இருந்தது.

“என்ன மாப்ள,” என்றான் கரீம் பாட்சா. “நல்லா பேசிச்சே அந்தப் பொண்ணு? என்ன சொல்லுது?”

இனாயத்துல்லா அவன் முகத்தைப் பார்த்தான். தேவையில்லாத அந்தக் கண்ணாடி மூக்கில் இறங்கியிருந்தது.

“நடக்காதாம் மச்சான்,” என்றான். “ரூல்ல இடமில்லைங்காங்க.”

அந்த ஆபீஸ் கட்டிய நாளிலிருந்து முதல்முறையாகச் சரி என்று சொன்ன அன்றைக்கு, அதன் சார்பாக இல்லை என்று சொல்ல ஒரு ஆள் வேண்டியிருந்தது. சம்பளமில்லாமலே கிடைத்துவிட்டான்.

கரீம் பாட்சா காலை மடியிலிருந்து இறக்கினான். பிறகு குனிந்து ஷூவை மாட்டினான். மெதுவாகத்தான் மாட்ட முடிந்தது.

“விடும்வே,” என்றான். “இவனுவ என்னைக்கு நல்லது செஞ்சானுவ. ஏழைக்கு ஒரு காரியம் நடந்துரக் கூடாது, அவ்வளவுதான் இவனுவளுக்கு. உக்காந்து திங்கிற பயலுவ.”

“ஆமா மச்சான்,” என்றான் இனாயத்துல்லா.

“நீரு மூஞ்சியைத் தொங்கப் போடாதீரும். நான் செஞ்ச தப்புக்கு நீரு இத்தன மாசம் நாயா அலைஞ்சிருக்கீரு. கூடப் பொறந்தவன் செய்ய மாட்டான்.”

கரீம் பாட்சா எழுந்தான்.

அப்போது ஒலிபெருக்கி கரகரத்து, மராத்தியில் ஒரு எண்ணைச் சொன்னது. பிறகு இந்தியில் சொன்னது. நாற்பத்தேழு. ஒருவரும் போகவில்லை. மறுபடி கூப்பிட்டது. கண்ணாடிக்குப் பின்னால் வந்தனா எழுந்து நின்று வெளியே தேடினாள்.

“நம்ம நம்பர் எது மாப்ள?” என்றான் கரீம் பாட்சா. “நம்மளையா கூப்பிடுது?”

இனாயத்துல்லா டோக்கன் இருந்த உள்ளங்கையை மூடிக்கொண்டான்.

“நம்மது அப்பவே போயிருச்சு மச்சான்.”

கரீம் பாட்சா தலையாட்டினான். இறங்குவதுதான் அவனுக்கு ஏறுவதைவிடக் கஷ்டம். இனாயத்துல்லாவின் தோளை நன்றாகப் பிடித்து, மொத்தக் கனத்தையும் அதில் போட்டு, முதல் படியில் காலை வைத்தான். இன்னும் மூன்று மாடி இருந்தது.